பழகிய கணினியில் சோதித்துப் பாருங்கள்: ஆன்டிவைரஸ் தயாரிப்பாளர்களுக்கும் சோதனைக்கூடங்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஆன்டிவைரஸும் செயலிப் பூட்டும் உருவாக்குகிறவர்களுக்கும், அவற்றைச் சோதித்து மதிப்பெண் போடுகிற கூடங்களில் வேலை செய்கிறவர்களுக்கும் வணக்கம்.

பல வருடங்களாக உங்கள் பீட்டா பதிப்புகளை நிறுவிப் பார்த்து, பிழை கண்டால் எழுதி அனுப்பும் பழக்கம் உள்ளவன் நான். ஒரு சிறிய அலுவலகத்தின் கணினிகளையும் பார்த்துக்கொள்கிறேன். செயலிப் பூட்டு என்று நான் சொல்வது கைப்பேசியில் பின் நம்பர் கேட்கிற பூட்டை அல்ல. அனுமதிப் பட்டியலில் இருக்கிற நிரலை மட்டும் ஓடவிட்டு, புதிதாக எது வந்தாலும் நிறுத்திக் கேள்வி கேட்குமே, அந்த மென்பொருளை. அதன் மேல் எனக்கு நிறைய நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

மாதக் கடைசி நாள். கணக்கு பார்க்கும் அம்மா வேலையில் மூழ்கியிருந்தார். திரை மங்கி நடுவில் ஒரு பெட்டி வந்தது: "அறியப்படாத நிரல் ஒன்று இயங்க முயல்கிறது. அனுமதிக்கவா, தடுக்கவா?" கீழே பொடி எழுத்தில் ஒரு தற்காலிக ஃபோல்டரின் முகவரி, அதன் முடிவில் பொருளே இல்லாத எட்டு எழுத்துகள். "சார், இதுக்கு என்ன கொடுக்கட்டும்?" என்று கேட்டார். எனக்கும் பார்த்தவுடன் தெரியவில்லை. பூட்டு மென்பொருள் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் பதிவேட்டை (லாக்) திறந்து தேடிய பிறகுதான் அது பிரிண்டரின் அப்டேட் என்று புரிந்தது.

அந்த அப்டேட் ஒவ்வொரு முறையும் புதிய பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி அதற்குள் தன்னைப் பிரித்துக்கொள்கிறது. அதனால் பூட்டில் முகவரியை வைத்து எழுதிய அனுமதி விதி பொருந்தாது. பதிப்பு மாறினால் ஹேஷும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) மாறிவிடும், ஆகவே ஹேஷ் விதியும் உதவாது. வெளியே இருக்கிற நிறுவல் கோப்பில், தயாரித்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இருந்தது. ஆனால் அது உள்ளே இருந்து கிளப்பிவிடும் சின்னக் கோப்பில் கையொப்பம் இல்லை. ஆக, மூன்று விதமான விதியும் கைவிட்டு, பெட்டி திரும்பத் திரும்ப வந்தது. அன்று மாலை அந்த ஒரு கணினியின் பதிவேட்டை எண்ணிப் பார்த்தேன். பிரிண்டர், உலாவி, இன்னும் ஏதேதோ சேர்த்துப் பதினேழு கேள்விகள். முதல் மூன்றுக்கு அவர் என்னைக் கூப்பிட்டார். மீதிப் பதினான்குக்கும் தானே "அனுமதி" கொடுத்துவிட்டார். வேறென்ன செய்வார்? தடுத்தால் வேலை நிற்கும். பதினேழும் நல்ல நிரல்கள்தான். பதினெட்டாவதாக ஒரு கெட்ட நிரல் வந்திருந்தாலும் அந்தப் பெட்டி எழுத்து மாறாமல் இதே மாதிரிதான் இருந்திருக்கும். அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

சோதனைக்கூடங்களின் வேலையைக் குறைத்துப் பேச வரவில்லை. நீங்கள் இல்லாவிட்டால் விளம்பரத்தை மட்டும் நம்பி மென்பொருள் வாங்கிக்கொண்டிருப்போம். ஜெர்மனியின் மாக்டெபர்க்கில் இருக்கும் ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என மூன்று பிரிவுகளில் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 6 என்று மொத்தம் 18 வரை மதிப்பெண் தருகிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், நல்ல கோப்பைக் கெட்டதென்று சொல்லும் பொய் எச்சரிக்கைகளை எண்ணி விருதின் தரத்தைக் குறைக்கிறது. இவையெல்லாம் பாடுபட்டு வந்து சேர்ந்த முறைகள். தீநிரல்களும் (மால்வேர்) வேண்டாத செயலிகளுமாக நாள் ஒன்றுக்கு 4,50,000-க்கும் மேற்பட்ட புதியவற்றைப் பதிவு செய்வதாக ஏவி-டெஸ்ட் சொல்கிறது. அந்த வெள்ளத்தின் நடுவே நின்று அளப்பது எளிதான காரியமா?

ஆனால் ஒரு கணக்கு மட்டும் எனக்கு உறுத்துகிறது. ஏவி-கம்பேரட்டிவ்ஸின் நிஜ உலகச் சோதனையில், மென்பொருள் தானே முடிவெடுக்காமல் பயனரைக் கேட்டால் அது "பயனர் கையில்" என்று தனியாகக் குறிக்கப்படுகிறது. பாதுகாப்பு விகிதம் போடும்போது அதற்குப் பாதி மதிப்பு. கேள்வியைக் கணக்கில் கொண்டுவந்ததே பெரிய விஷயம், அதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன். ஆனாலும் அந்தப் பாதி, நாணயம் சுண்டுவதைப் போன்ற ஒரு கணக்கு. மனிதர் அப்படி நடந்துகொள்வதில்லை. முதல் கேள்வியை நின்று படிக்கிறார், ஐந்தாவதில் கண்ணை ஓட்டுகிறார், பதினேழாவதில் பெட்டி முழுதாகத் தெரியும் முன்பே விரல் அழுத்திவிடுகிறது. ஒவ்வொரு தீநிரல் மாதிரிக்கும் கணினியைச் சுத்தமான நிலைக்குத் திருப்பிவிட்டுச் சோதிக்கும்போது, எல்லாக் கேள்வியும் முதல் கேள்வியாகவே இருக்கும். எங்கள் கணினிகள் அப்படி ஒருநாளும் திரும்புவதில்லை.

செயலிப் பூட்டைப் பொறுத்தவரை இது இன்னும் முக்கியம். வைரஸ்களை ஒன்றுவிடாமல் சரியாகக் கண்டுபிடிக்கிற நிரல் எழுதவே முடியாது என்பதைக் கணினி ஆய்வாளர் ஃப்ரெட் கோஹன் 1980-களிலேயே காட்டிவிட்டார். அதனால் கெட்டதைத் தேடுவதை விட்டு நல்லதை மட்டும் அனுமதிப்போம் என்ற வழி பிறந்ததில் நியாயம் இருக்கிறது. சரி, அதை எப்படிச் சோதிப்பது? ஆயிரம் தீநிரல்களை ஓடவிட்டுப் பார்த்தால் ஆயிரத்தையும் நிறுத்தும். புதியது எல்லாவற்றையும் நிறுத்துவதுதானே அதன் வேலை! பூட்டிய கதவு திருடனை நிறுத்தியது என்பதோடு ஆராய்ச்சி முடியாது. வீட்டுக்காரர் எத்தனை முறை வெளியே நின்றார், சாவி வைத்திருந்தவர் யாரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார், இந்த இரண்டையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். 2016-இல் ஆய்வாளர் ஒருவர் விண்டோஸோடு கூடவே வருகிற ரெக்எஸ்விஆர்32 என்ற நிரலை வைத்தே, விண்டோஸின் சொந்தச் செயலிப் பூட்டான ஆப்லாக்கரைத் தாண்டிக் காட்டினார். அது மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் பெற்றது, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே இருப்பது. அனுமதிப் பட்டியலில் அதற்கு முதல் வரிசையில் இடம். அதனிடம் ஒரு இணைய முகவரியைக் கொடுத்தால் அங்கிருந்து ஸ்கிரிப்டை எடுத்து ஓட்டிவிடும். அப்புறம், விண்டோஸ் ஃபோல்டரை முழுதாக நம்பும் இயல்பு விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் டெம்ப், டாஸ்க்ஸ் போன்ற சில உள் ஃபோல்டர்களில் சாதாரணப் பயனரும் கோப்பு எழுத முடியும். எழுத முடிந்த இடத்திலிருந்து ஓடவும் முடிந்தால் அந்தப் பூட்டினால் என்ன பயன்? ஒரு புதிய பூட்டு மென்பொருள் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த ஓட்டைகளைத்தான். சிலர் ஐகார் சோதனைக் கோப்பைப் போட்டுப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். 68 பைட் கொண்ட அந்தத் தீங்கற்ற கோப்பு, ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று மட்டும் சொல்லும். அதற்கு மேல் அதனிடம் எதையும் கேட்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் சோதித்த பொருள் மறுநாளும் அதே பொருளாக இருப்பதில்லை. 2010 ஏப்ரல் 21 அன்று ஆன்டிவைரஸ் நிறுவனமான மெக்காஃபி அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்ட்டை வைரஸ் என்று பிடித்துக்கொண்டது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகி, நெட்வொர்க்கும் போய் முடங்கின. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு சிறு உள்ளடக்கக் கோப்பு ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. அந்த நிறுவனம் பிறகு வெளியிட்ட காரண அறிக்கையைப் படித்தேன். அந்தக் கோப்புக்கான புதிய வார்ப்புருவில் 21 புலங்கள் (மதிப்பு நிரப்பும் இடங்கள்), ஆனால் அதைப் படிக்கும் நிரலுக்கு வந்தது 20 மதிப்புகள். 21-ஆவது புலத்தில் அதுவரை "எதுவானாலும் சரி" என்ற பொதுக்குறியையே வைத்துச் சோதித்திருந்ததால் குறை வெளியே தெரியவில்லை. அன்றுதான் முதல்முறையாக அந்த இடத்தில் உண்மையான மதிப்பு வந்தது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் விழுந்த பல கணினிகளால் திருத்தத்தைப் பெறும் அளவுக்குக்கூட எழ முடியவில்லை. அறிக்கையை ஒளிக்காமல் வெளியிட்டதையும், அதன் பின் அப்டேட்டைப் படிப்படியாக விடும் முறைக்கு வந்ததையும் மதிக்கிறேன். மற்றவர்கள் தங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வைரஸ் விவரக் கோப்பும் நிரல்தான். நிரலுக்கு உள்ள அத்தனை சோதனையும் அதற்கும் வேண்டும்.

சோதனைக்கு ஒன்றும் பயனருக்கு வேறொன்றும் கொடுத்த கதையும் உண்டு. சீனாவின் கிஹூ 360 நிறுவனம் சோதனைக்கு அனுப்பிய பதிப்பில், பிட்டிஃபெண்டர் என்ற வேறொரு நிறுவனத்தின் வைரஸ் கண்டுபிடிக்கும் எஞ்சின் இயங்கியது, ஆனால் அதன் பெரும்பாலான பயனர்களின் கணினியில் அது இயல்பாக அணைந்தே இருந்தது. 2015-இல் ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ், வைரஸ் புல்லட்டின் மூன்றும் சேர்ந்து இதை வெளியே சொல்லி, அந்த வருடத்து விருதுகளைத் திரும்பப் பெற்றன. அதே கண்டிப்பைத்தான் இப்போதும் எதிர்பார்க்கிறேன்.

சோதனைக்கூடங்களே, பத்துக் கணினிகளை ஆறு மாதம் பழக விடுங்கள். அவற்றில் வழக்கமான மென்பொருள்களைப் போட்டு, அப்டேட்களைத் தடுக்காமல், அன்றாட வேலைகளைச் செய்ய வையுங்கள். வாரத்துக்கு எத்தனை கேள்வி வந்தது, அதில் எத்தனை தேவையில்லாதது என்று எண்ணி, பிடிபட்ட தீநிரல் விகிதத்தின் பக்கத்திலேயே அச்சிடுங்கள். ஆறாவது மாதத்தில், பட்டியலில் ஏற்கனவே அனுமதி பெற்றிருக்கும் நிரல்கள் வழியாகத் தாக்கிப் பாருங்கள். செலவு ஆகும், தெரியும். ஒரு வருடம் பத்து மென்பொருளுக்குப் பதில் நான்கை மட்டும் சோதித்தாலும் போதும்.

தயாரிப்பாளர்களிடம் கேட்பது இன்னும் சின்னது. அந்தப் பெட்டியை மாற்றுங்கள். இந்த நிரலைக் கிளப்பியது யார், அதன் கையொப்பம் யாருடையது, இந்த மாதம் அப்படிக் கிளப்பிய அந்த நிரல் எத்தனை முறை இப்படிச் செய்தது என்று மூன்று வரி எழுதிக் காட்டுங்கள். உங்கள் மென்பொருள் பதிவேட்டில் இதை எழுதத்தான் செய்கிறது, அன்று நான் தேடி எடுத்ததும் அங்கிருந்துதான். கேட்கும் நேரத்தில் காட்டாமல் அதை ஏன் உள்ளே வைத்திருக்கிறீர்கள்? "உங்கள் பிரிண்டரின் அப்டேட் இதைத் தொடங்கியது" என்று அன்று ஒரு வரி இருந்திருந்தால் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டிருக்கவே வேண்டாம். வேறொரு நாள் "மின்னஞ்சலில் வந்த கோப்பு இதைத் தொடங்கியது" என்று வந்திருந்தால் கட்டாயம் கூப்பிட்டிருப்பார்.

அன்றைய பதிவேட்டை அலுவலக விவரங்களை நீக்கிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களில் எந்தக் குழு கேட்டாலும் அனுப்புகிறேன். அடுத்த பீட்டா வந்ததும் அதே பிரிண்டரின் அப்டேட்டைத்தான் முதலில் ஓடவிட்டுப் பார்க்கப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பீட்டா பதிப்புகளை விடாமல் நிறுவிப் பார்க்கும் ஒரு பயனர்