மேம்பாலம் கட்டியவர் எங்கள் ஊருக்குக் கட்டியது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சொந்த உழைப்பால் உயர்ந்த கட்டுமானத் தொழிலதிபர்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் பி.எஸ். அப்துர் ரகுமான் பெயரைக் காணாதது மனசுக்குக் குறையாக இருந்தது. எங்கள் மாவட்டத்துக் கீழக்கரையில் 1927-இல் பிறந்தவர். இளம் வயதிலேயே கொழும்புக்குப் போய் ரத்தின வியாபாரத்தில் இறங்கியவர். சென்னையின் முதல் மேம்பாலமான ஜெமினி மேம்பாலத்தை 1973-இல் கட்டி முடித்தது அவருடைய ஈஸ்ட் கோஸ்ட் கன்ஸ்ட்ரக்ஷன்ஸ் நிறுவனம்தான்.

வண்டலூரில் 1984-இல் அவர் தொடங்கிய கிரசென்ட் பொறியியல் கல்லூரியைப் பலரும் அறிவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1988-இல் கீழக்கரையில் வந்த தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி. என் அக்கா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவர். ஆண்பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் காலேஜுக்கு அனுப்ப முடியாது என்று மாமா சொல்லிவிட்டார், பேச்சு அதோடு முடிந்தது. அது கல்லூரி வருவதற்கு மூன்று வருஷம் முன்னால். பின்னாளில் அக்கா மகள் அங்கே பி.எஸ்சி. சேர்ந்தாள். முதல் நாள் அக்காவும் கூடவே பஸ் ஏறிப் போனார். வாசலில் நின்று பெயர்ப் பலகையை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். மகள் வகுப்புக்குப் போன பிறகும் வெகுநேரம் அந்த கேட் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

வள்ளல் சீதக்காதியும் கீழக்கரைக்காரர்தான். அவர் பெயரில் அறக்கட்டளை வைத்தவர் அப்துர் ரகுமான். செத்தும் கொடை கொடுத்தான் என்ற சொல் இவருக்கும் பொருந்தும். அவர் 2015-இல் காலமானார், எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் இன்றும் அந்த மகளிர் கல்லூரியில் படிக்கிறார்கள்.

நானும் இருபது வருஷமாகச் சின்னக் காண்டிராக்டர். கல்லூரி கட்ட எனக்கு வசதி கிடையாது. ஆனால் போன வருஷம் என் சைட்டில் நடந்த ஒன்று இன்னும் உறுத்துகிறது. சித்தாள் வேலை பார்க்கும் ஒரு அம்மா, மகனுக்குக் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது, பணத்துக்கு வழியில்லை என்று கலவை மேடைப் பக்கம் நின்று சொன்னார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்த அட்டையைக் கேட்டேன். பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தார், புதுப்பிக்கத்தான் விட்டுப்போயிருந்தது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் வாரியத்துக்குப் போகிறது. பதிவு செய்த தொழிலாளியின் பிள்ளை கல்லூரியில் சேர்ந்தால் உதவித்தொகை உண்டு. அந்தப் பையனுக்கு அது கிடைக்கவில்லை. வேலைக்குச் சேர்க்கும்போதே அட்டையை வாங்கிப் பார்த்திருக்க வேண்டியவன் நான். இப்போது கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.

பெரிய பில்டர்கள் கல்லூரிகளுக்கு நன்கொடை தருவது நல்லதுதான். தங்கள் சைட்டில் மண் சுமப்பவரின் பிள்ளையையும் அவர்கள் விசாரிக்க வேண்டும். பதிவு எங்கே, என்னென்ன சான்று வேண்டும், எப்போது புதுப்பிப்பது என்பதையெல்லாம் கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் முன்பே உங்கள் இதழில் ஒரு பக்கம் போடுங்கள். அதை வெட்டி என் சைட் ஷெட்டில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
இராமநாதபுரம் மாவட்டம்