மாத்திரையை விட்ட பிறகு

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு காலை

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பேத்திக்குக் காது குத்தியதை மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசி மூலையில் "ஹார்மோன் மாத்திரையைப் போன மாதத்தோடு விட்டுவிட்டேன், தொல்லை தீர்ந்தது" என்று ஒற்றை வரி எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த வரியிலேயே கண் நின்றுவிட்டது. விட்டது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆறு வருஷம் சாப்பிட்டாய், மாதவிடாய் நின்றபோது வந்த வேர்வையும் படபடப்பும் அடங்கின, மார்பகப் புற்றுநோய் பயமும் கூடவே இருந்தது. நிறுத்தச் சொன்ன டாக்டர் யோசித்துத்தான் சொல்லியிருப்பார். எலும்பைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

எனக்கு யாரும் சொல்லவில்லை. 43 வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தார்கள் அல்லவா, அன்று தொடங்கிய மாத்திரையை 52 வயதில் விட்டேன். "இனி வேண்டாம் அம்மா" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்து ஒரு மார்கழி விடியலில், வாசல் தெளிக்கப் போனவள் படிப் பாசியில் சறுக்கி வலது கையை ஊன்றினேன். பெரிய விழுதல் ஒன்றும் இல்லை. கோலப்பொடிக் கிண்ணம்கூட உடையவில்லை, மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பொங்கலுக்கு எதிர்வீட்டுப் பெண்தான் என் வாசலில் கோலம் போட்டாள். புள்ளி வரிசை கோணல். உதவிக்கு வந்தவளிடம் அதைச் சொல்ல முடியுமா?

எலும்பு டாக்டர்தான் உட்கார வைத்து விளக்கினார். எலும்புக்குள் பழையதைக் கரைக்கிற செல்களும் புதிதாகக் கட்டுகிற செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. கரைக்கிற கூட்டத்தை அடக்கி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். மாதவிடாய் நின்றதும் அந்தப் பிடி தளர்கிறது, முதல் சில வருஷங்களில் எலும்பு வேகமாகக் கரைகிறது. மாத்திரை அதைத் தள்ளிப் போடுகிறது. விட்டதும் கரைதல் மறுபடி தொடங்குகிறது. "இரண்டாம் தடவை மாதவிடாய் நின்ற மாதிரி" என்றார். ஒன்பது வருஷப் பலன் பாங்கில் போட்ட பணம் போல இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். சில வருஷங்களிலேயே அது போய்விடுமாம்.

2002இல் அமெரிக்காவில் இந்த ஹார்மோன் மாத்திரை பற்றிய பெரிய ஆய்வு ஒன்றைப் பாதியில் நிறுத்தினார்களே, அந்தச் செய்தியில் புற்றுநோய் என்ற சொல் மட்டும்தான் நம் காதுக்கு வந்தது. மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு இடுப்பெலும்பு முறிவு குறைந்தது என்பதும் அதே ஆய்வில் இருந்தது.

பிறகு டெக்ஸா எடுத்தார்கள், எலும்பு அடர்த்தியை அளக்கிற ஸ்கேன். பயப்பட ஒன்றுமில்லை, குகைக்குள் தள்ள மாட்டார்கள். மேஜையில் மல்லாந்து படுத்தால் மேலே ஒரு கை நகர்ந்து போகும். எனக்கு மைனஸ் 2.6 வந்தது. மைனஸ் 1 வரை கவலையில்லை, மைனஸ் 2.5ஐத் தொட்டால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறிகிற நோய். என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் கூன் விழுந்து, உறியை எட்ட முடியாமல் போனதே, நினைவிருக்கிறதா? வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். முதுகெலும்பு ஒவ்வொன்றாக நசுங்கியிருக்கிறது. அது தெரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது ஞாயிறுதோறும், எலும்பு கரைவதை அடக்குகிற அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும், சாய்ந்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அதுவரை காபியும் கூடாது. இந்த வரியை எழுதும்போது அடுப்படியில் டிகாக்‌ஷன் சொட்டும் சத்தம் கேட்கிறது, கடிகாரத்தில் இன்னும் பதினோரு நிமிஷம் பாக்கி. இந்த மாதிரி மருந்தை நீ தொடங்குவதானால், அதற்கு முன் பல் டாக்டரிடம் பல்லையும் காட்டிவிடு. அதே வேலைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியை உனக்கு எழுதினால், தேதியைத் தவற விடாதே. அதை இஷ்டத்துக்கு நிறுத்தினால் எலும்பு சட்டென்று இறங்கி முதுகெலும்பு முறியும் அபாயம் இருக்கிறது. எது வேண்டும், வேண்டுமா என்பதே டெக்ஸாவைப் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

என் நாத்தனார் மாதிரி, கால்சியம் மாத்திரையைப் போட்டுக்கொண்டால் எல்லாம் சரி என்று இருந்துவிடாதே. அது வேண்டும், ஆனால் அது மட்டும் இந்தக் கரைதலைத் தடுத்து நிறுத்தாது. நம் வயதுக்கு ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் வேண்டுமாம். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 இருக்கிறது. கூழும் நெத்திலிக் கருவாடும் ஏழைச் சாப்பாடு என்று உன் மாமியார் முகம் சுளிப்பார், ஞாபகம் இருக்கிறது. முள்ளோடு மென்று தின்கிற மீனில்தான் சுண்ணாம்புச் சத்தே இருக்கிறது.

மாலையில் ஆறு மணிக்கு உங்கள் பாண்டிக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்களே, காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்து கதை பேசாமல் வேகமாக நட. நான் தேவனாம்பட்டினம் மணலில் நடக்கிறேன், வீட்டில் இரண்டு தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்குகிறேன். பேரன் சிரிக்கிறான். வாசல் படிப் பாசியை மட்டும் வாரா வாரம் நானே தேய்க்கிறேன், வேறு யாரையும் நம்புவதில்லை.

அடுத்த புதன்கிழமை பாண்டிக்கு வருகிறேன், துறைமுகத்துக் கருவாடு கொண்டுவருகிறேன். அதற்குள் டெக்ஸாவுக்கு நாள் வாங்கி வை, கூடவே வருகிறேன். காபி ஆறுகிறது.

அன்புடன்,
வசந்தா