15 வயதுக்கு ஏற்ற குற்றம்: பிரிட்டிஷ் திரைப்பட வகைப்படுத்தல் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

வாரியத்தாருக்கு வணக்கம்.

இதன் ஆங்கிலப் பிரதியை உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் போட்டுவிட்டேன். தமிழில் எழுதுவது எங்கள் ஆட்களுக்காக. இந்த நாட்டில் 80களில் வீடியோ கடைக் கவுன்டருக்குப் பின்னால் நின்றவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் சித்தப்பா. அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கடிதம் எழுது என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் "உனக்கு வேற அலுவல் இல்லையோ" என்றுதான் கேட்பார்.

விஷயம் 'டோன்ட் கோ இன் த வூட்ஸ்' என்ற படம். காட்டுக்குள்ளே போகாதே என்று தலைப்பிலேயே எச்சரித்துவிட்டு, படம் முழுக்க ஆட்களைக் காட்டுக்குள்ளே அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். ஜேம்ஸ் பிரையன் இயக்கி 1981இல் வந்த அமெரிக்கப் படம். யூட்டா மலைக்காட்டில், சொற்பக் காசில், அதிகம் பெயர் தெரியாதவர்களை வைத்து எடுத்தது. 2007இல் இதை நீங்கள் ஒரு காட்சியைக்கூட வெட்டாமல் 15 என்று முத்திரை குத்தி அனுப்பினீர்கள். ஜிசிஎஸ்இ என்ற பள்ளிப் பரீட்சைக்குப் படிக்கிற 15 வயதுப் பிள்ளை கடைக்குப் போய், தன் கைக்காசில் வாங்கிப் பார்க்கலாம் என்று அர்த்தம்.

சரியான முடிவு. நானும் அதைத்தான் கொடுத்திருப்பேன். சிக்கல் என்னவென்றால், இதே படத்தை 80களின் முற்பகுதியில் வாடகைக்கு வைத்திருப்பது இந்த நாட்டில் வழக்குக்குரிய குற்றம். ஆபாசம் என்று வழக்குப் போடக்கூடிய வீடியோ படங்களுக்கு அரசு வழக்குத் தொடுப்பு இயக்குநர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதில் மாறி மாறி வந்து போன படங்கள் மொத்தம் 72. அவற்றில் 39 நீதிமன்றத்தில் ஆபாசப் பொருளாகத் தீர்ப்பானவை. இந்தப் படம் அந்த 39இல் ஒன்று. அதாவது பட்டியலில் பேருக்கு இருந்ததல்ல. இதை முன்வைத்து வழக்கு நடந்து அரசுத் தரப்பு வென்றும் இருக்கிறது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நான்கு பேர் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். காட்டில் ஒருவன் திரிகிறான். உடம்பில் மிருகத்தோல், கையில் ஈட்டி. யார் இவன், ஏன் கொல்கிறான் என்று கேட்கக் கூடாது. படமும் சொல்லாது. அந்த நான்கு பேரும் நடந்து நடந்து, பேசிப் பேசிப் பொழுது போக்கும்போது, சம்பந்தமே இல்லாத யாராவது ஒருவர் திரையில் வருவார். வந்து ஒரு நிமிடத்தில் செத்துப்போவார். பறவை பார்க்க வந்தவர், வேனில் தேனிலவுக்கு வந்த சோடி, படம் வரைய வந்த பெண் என்று ஆட்கள் கோயில் வரிசையில் வருவதுபோல் சாவதற்கென்றே வந்துகொண்டிருப்பார்கள். பெயரும் இல்லை, ஊரும் இல்லை. வசனம் முழுவதையும் பிறகு ஸ்டுடியோவில் பேசி ஒட்டியிருக்கிறார்கள். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். எல்லாரும் ஒரே அறைக்குள் இருந்து கதைப்பது மாதிரிக் கேட்கும், நிற்பதோ மலை உச்சியில். இரத்தம் என்று ஊற்றியிருப்பது வேலிக்கு அடிக்கிற பெயின்ட்டின் சிவப்பு.

ஒரு காட்சியை மட்டும் நின்று பார்க்க வேண்டும். சக்கர நாற்காலியில் ஒருவர் தனியாக மலைப்பாதையில் ஏறுகிறார். கை நோக நோகச் சக்கரத்தைத் தள்ளுகிறார், நிற்கிறார், மறுபடி தள்ளுகிறார். படம் வேறு எங்கோ போய் யாரையோ கொன்றுவிட்டுத் திரும்பி வந்து பார்க்கும். மனிதர் இன்னும் ஏறிக்கொண்டிருப்பார். ஏன் ஏறுகிறார் என்பது கடவுளுக்கே வெளிச்சம். கடைசியில் உச்சிக்கு வந்துவிடுகிறார். எதிரே பள்ளத்தாக்கு. அப்பாடா என்று மூச்சு விடுகிற நேரம் பார்த்துத் தலை போகிறது. இதைப் பார்த்து யாருக்காவது பயம் வந்திருந்தால் அவர்களை நான் சந்திக்க விரும்புகிறேன். இது பகிடி. எடுத்தவர்களுக்கும் பகிடி என்று தெரிந்தே இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் கரடிகள் காட்டுக்குள் விருந்து வைக்கிற பழைய குழந்தைப் பாட்டின் மெட்டில், கொலைகாரனைப் பற்றி ஒரு பாட்டைக் கடைசியில் போட்டிருப்பார்களா?

நல்ல படம் என்று வாதாட வரவில்லை. இரண்டாம் தடவை பார்க்கும்போது நானே சக்கர நாற்காலிக்காரர் வரும் வரை ஓட்டிவிட்டேன். அந்த 72இல் மிருகங்களை உண்மையாகவே கொன்று படம் பிடித்தவையும் உண்டு. அவற்றுக்காகவும் என்னிடம் வக்காலத்து இல்லை. ஆனால் அதே பட்டியலில், தன் கதாநாயகிக்கு 1981இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கிக் கொடுத்த 'பொஸெஷன்' படமும் இருந்தது. மீன் சந்தையில் ஒரே கூடையில் அள்ளிப் போட்டதுபோல எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

இனி சித்தப்பா. 1981இல் படிக்க வந்தவர். கிழக்கு லண்டனில் ஒரு வீடியோ வாடகைக் கடையில் மாலை வேலை. முதலாளி குஜராத்திக்காரர். முன்னால் பேப்பர், சிகரெட், பால். பின்சுவரில் கசெட். ஹிந்திப் படம் ஒரு தட்டு, தமிழ்ப் படம் நாலைந்து, மிச்சம் எல்லாம் விற்பனைக்காரன் காரில் கொண்டுவந்து இறக்கிய இங்கிலீஷ் படங்கள். அவற்றை முதலாளியும் பார்த்ததில்லை, சித்தப்பாவும் பார்த்ததில்லை. அட்டைப் படத்தைப் பார்த்து வாங்குவார்கள், அட்டைப் படத்தைப் பார்த்து வாடகைக்கு எடுப்பார்கள்.

1983இல் இந்தப் படங்களுக்கு எதிரான பத்திரிகைகளின் கூச்சல் பெருகியது. முதலாளி பட்டியலைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் கவுன்டரின் உட்பக்கம், கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டினார். பட்டியல் மாறிக்கொண்டே இருந்தது. போன மாதம் இருந்தது இந்த மாதம் இல்லை, இல்லாதது வந்துவிட்டது. பேனாவால் கூட்டியும் வெட்டியும் அந்தத் துண்டு நைந்துபோனது. அதில் 'டோன்ட்' என்று தொடங்கும் படங்களே நான்கு. எந்த 'டோன்ட்' வைத்திருக்கலாம், எந்த 'டோன்ட்' வைத்திருக்கக் கூடாது என்று குழம்பி, ஓர் இரவு கடை பூட்டியபின் இரண்டு பேருமாக 'டோன்ட்' என்று தொடங்கிய எல்லாவற்றையும் கறுப்புக் குப்பைப் பையில் கட்டி, தங்கள் கடைத் தொட்டியில்கூடப் போடாமல், நாலு தெரு தள்ளிப் போட்டுவிட்டு வந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய சரக்கு. "விசாவில இருக்கிறனான். பொலிஸ் வந்து பேர் கேட்டால் நான் என்னடா சொல்லுறது?" என்கிறார் இன்றைக்கும்.

அவர்கள் கடைக்குப் பொலிஸ் வரவில்லை. வேறு கடைகளுக்குப் போனது. எது ஆபாசம் என்று 1959ஆம் ஆண்டு ஆபாச வெளியீடுகள் சட்டம் சொன்னது ஒரே ஒரு வரைவிலக்கணம்தான்: பார்ப்பவரைக் கெடுத்துச் சீரழிக்கக் கூடியதா? ஓர் ஊர் நீதிமன்றம் ஆம் என்றது, அடுத்த ஊர் நீதிமன்றம் அதே படத்தை விடுவித்தது. 'தி ஈவில் டெட்' படத்தைத் திரையரங்குக்காக நீங்களே சில வெட்டுகளோடு அனுமதித்திருந்தீர்கள். அதன் கசெட்டையும் அள்ளிக்கொண்டு போனார்கள். உங்கள் முத்திரை இருந்தே காப்பாற்றவில்லை என்றால், பால் விற்கிறவர் எதை நம்பிக் கடை திறப்பார்? இந்தப் படங்கள் பிள்ளைகளை மட்டுமல்ல, நாய்களையும் பாதிக்கும் என்று தான் நம்புவதாகத் தொலைக்காட்சியில் சொன்ன நாடாளுமன்ற உறுப்பினர் கிரஹாம் பிரைட் கொண்டுவந்த மசோதாதான் 1984இல் வீடியோ பதிவுச் சட்டமானது. அந்த நாய்கள் எந்தப் படத்தைப் பார்த்தன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். "பட்டியல் எங்களுடையதல்ல. அந்தக் காலத்தில் கசெட்டுக்கு எங்கள் சான்றிதழே தேவைப்படவில்லை. வழக்குப் போட்டதும் நாங்கள் இல்லை." முழுவதும் உண்மை. ஆனால் அந்தக் கூச்சலின் விளைவாக வந்த சட்டம்தான் வீட்டு வீடியோவின் சாவியை உங்கள் கையில் தந்தது. அந்த மாற்றத்தோடுதான் உங்கள் பெயரில் இருந்த 'தணிக்கையாளர்' போய் 'வகைப்படுத்தல்' வந்தது. நிமிடக் கணக்கில் கட்டணம் கட்டி ஒவ்வொரு கசெட்டுக்கும் உங்களிடம் சான்று வாங்க முடியாமல் சின்ன விநியோகஸ்தர்கள் இழுத்து மூடினார்கள். சான்றில்லாத கசெட்டை விற்றால் 20,000 பவுண்ட் வரை அபராதம். தெருமுனைக் கடைக்கு அது முழுக் கடை.

பிறகு 2009. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தை ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவிக்க அன்றைக்கு மறந்துவிட்டார்கள், ஆகவே 25 வருடமாக அதை அமல்படுத்தவே முடியாத நிலைதான் இருந்தது என்று அரசாங்கமே கண்டுபிடித்தது. 2010 ஜனவரியில் அதே சட்டத்தை மறுபடி நிறைவேற்றினார்கள். இடையில் அதன் கீழ் தண்டனை பெற்றவர்களுக்கு? தீர்ப்பை மாற்றவும் முடியாது, இழப்பீடும் கிடைக்காது என்பதுதான் அரசுக்குக் கிடைத்த சட்ட ஆலோசனை. அரசு ஒரு கடிதம் போட மறந்தால் அது நடைமுறைத் தவறு. கடைக்காரர் ஒரு கசெட்டை மறந்து தட்டில் விட்டால் அது குற்றம்.

இரண்டையும் நான் குழப்பவில்லை. 'டோன்ட் கோ இன் த வூட்ஸ்' வழக்குகள் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்தவை. 2009இன் ஓட்டைக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. அதனால்தான் உங்களிடம் வருகிறேன். அந்தத் தீர்ப்புகளைப் பற்றி ஏதாவது சொல்லக்கூடிய ஒரே தாள் உங்கள் 2007ஆம் ஆண்டுச் சான்றிதழ். பார்ப்பவரைச் சீரழிக்கும் என்று நீதிமன்றம் சொன்ன அதே 80 சொச்ச நிமிடத்தை, ஒரு நொடி குறையாமல், 15 வயதுப் பிள்ளைக்குப் பாதகமில்லை என்று அது சொல்கிறது. 15 என்ற பிரிவை நீங்கள் தொடங்கியதே 1982இல். அன்றைக்கு யாராவது உங்களிடம் கேட்டிருந்தால் 18 கொடுத்திருப்பீர்கள், சில வெட்டும் சொல்லியிருப்பீர்கள். சிறைக்கு அனுப்பச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

காலம் மாறியது, ரசனை மாறியது என்ற பதிலை மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். படத்தில் ஊற்றியது 1981லும் பெயின்ட்தான்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அந்த 39 படங்களில் நீங்கள் பிற்பாடு அனுமதித்தவை எவை, எந்த ஆண்டு, எந்த வயதுப் பிரிவு, வெட்டு இருந்ததா, உங்கள் பரிசோதகர்கள் தங்கள் அறிக்கையில் என்ன எழுதினார்கள் என்பதை ஒரே இடத்தில், எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். வழக்கு நடந்த ஆண்டையும் பக்கத்தில் போடுங்கள். பிறகு அதை நீதி அமைச்சகத்துக்கு அனுப்பி, வெட்டில்லாமல் அனுமதித்த படங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் பதிவை நீக்குவது பற்றி யோசியுங்கள் என்று உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். நான் எழுதினால் குப்பைக் கூடை. நீங்கள் எழுதினால் கோப்பு.

முடியாத காரியம் என்றும் சொல்ல வேண்டாம். 2024இல் ஒரே ஒரு சட்டம் போட்டு, தபால் நிலையக் கணக்குகளைப் பார்த்த ஹொரைஸன் என்ற கணினி அமைப்பின் பிழையால் திருடர்களாக்கப்பட்ட நூற்றுக்கணக்கான தபால் நிலையக்காரர்களின் தண்டனைகளை இந்த நாடு நீக்கியது. அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அந்த மனிதர்கள் பட்ட பாடு வேறு. ஆனால் ஆள் ஒரே மாதிரி ஆள்: கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவர், அரசாங்கக் கடிதம் வந்தால் கை நடுங்குகிறவர், வக்கீல் செலவுக்குப் பயந்து குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறவர்.

போன மாதம் இந்தப் படத்தைச் சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். பார்த்தே இராத படத்தைத்தான் அன்றைக்குப் பையில் கட்டினார். தேத்தண்ணியோடு இருந்தார். முதல் அரை மணி நேரம் பேசவில்லை. சக்கர நாற்காலிக்காரர் மூன்றாம் தடவை வந்தபோது, "இவனுக்கு என்ன விசரோ, கீழ போகச் சொல்லு" என்றார். உச்சியில் அது நடந்ததும் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது, அவ்வளவு சிரிப்பு. கடைசியில், தாயைப் பறிகொடுத்த குழந்தை காட்டுக்குள் தனியாக இருந்து கைக்கோடரியால் கொத்தி விளையாடும் காட்சியில் படம் முடிகிறது. அப்போது மட்டும் சிரிக்கவில்லை. "இதுக்கோடா நாங்கள் நாலு தெரு நடந்தனாங்கள்?" என்று கேட்டார்.

உங்கள் பதில் வந்ததும் தமிழாக்கி அவருக்கு வாசித்துக் காட்டுவேன். பரிசோதகர் அறிக்கையில் சக்கர நாற்காலிக்காரரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அறிய அவருக்கு ஆவல்.

இப்படிக்கு,
கவுன்டரில் நின்ற ஒருவரின் பெறாமகன்,
லண்டன்