குஞ்சின் எடையை எழுதி வை

கீழக்கரை,
ஐப்பசி 12

அன்புள்ள அந்தோணி மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டுவலி குறைந்திருப்பது கேட்டு நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். மழை இரண்டு பாட்டம் பெய்ததோடு சரி, கண்மாய்க்கு இன்னும் தண்ணீர் வந்து சேரவில்லை.

மருமகள் ஜெனி வெளிநாட்டுக் கிளி வகையில் இரண்டு காக்டெயில் குஞ்சும் ஒரு சன் கனூர் குஞ்சும் வாங்கி வந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். நாலு வாரக் குஞ்சுகள், சிரிஞ்சில் ஊட்டுகிற வயது, அதுவும் அடைமழை தொடங்கும் நேரத்தில். அதனால் நீ கேட்ட இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்த மனம் வரவில்லை. ஜெனியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

குஞ்சு பகலெல்லாம் படுத்தே கிடக்கிறதே, நோயா என்று கேட்டாய். நோயில்லை. இந்த வயதுக் குஞ்சு வயிறு தரையில் படப் படுத்துத்தான் தூங்கும். வளர்ந்த பறவை ஒரு காலை மடக்கிக்கொண்டு தூங்கும். அது இரண்டு காலிலும் நின்று, இறகை உப்பிக்கொண்டு, பகலில் கண்ணைச் செருகினால்தான் பயப்பட வேண்டும். அந்த அளவுகோலைக் குஞ்சுக்கு வைக்காதே. குஞ்சின் நலம் ஊட்டும் வேளையில் தெரியும். சிரிஞ்சைக் கண்டதும் எழுந்து கத்தி, தலையை மேலும் கீழும் ஆட்டி, முனையைக் கவ்வித் தள்ள வேண்டும். இறகு மூடாத இடத்தில் தோல் வெளிர் ரோஜா நிறத்தில் மெத்தென்று இருக்க வேண்டும். தோல் சிவந்து, சுருங்கி, விரலில் ஒட்டுகிற மாதிரி இருந்தால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. வெளுத்துச் சில்லென்று இருந்தால் குளிரில் இருக்கிறது, முதலில் சூடு கொடுக்க வேண்டும்.

இந்த வயதில் வரும் நோயில் பெரும்பங்கு கிருமியால் தொடங்குவதில்லை, நாம் ஊட்டுகிற முறையில் தொடங்குகிறது. கிருமி பின்னால் வந்து சேருகிறது. ஜெனி இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

குஞ்சுக்கு ஊட்டுகிற மாவை, அதாவது ஹேண்ட் ஃபீடிங் பவுடரை, அந்தந்த வேளைக்கு மட்டும் கலக்க வேண்டும். மிச்சத்தை மூடி வைத்து மறுவேளைக்குச் சூடுபண்ணிக் கொடுப்பதுதான் குஞ்சு சாக நேர்வழி. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது ஒரு மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். கிணற்றில் உப்பு ஏறிய வீடுகளில் அந்தத் தண்ணீரை எடுக்கவே கூடாது, நீங்கள் குடிக்கிற தண்ணீர்தான் குஞ்சுக்கும். கலந்த மாவின் சூடு 39 முதல் 40 டிகிரி செல்சியஸ். புறங்கையில் விட்டுப் பார்ப்பதை நம்பாமல், மருந்துக்கடையில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள். 38-க்குக் கீழே போனால் குஞ்சு மறுக்கும், குடித்தாலும் செரிமானம் மந்தமாகும். 43-ஐத் தாண்டினால் கழுத்தடியில் இருக்கும் இரைப்பை உள்ளே வெந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து அந்த இடத்தில் தோல் கறுத்துப் பொருக்குத் தட்டும், பிறகு ஓட்டை விழுந்து ஊட்டியது வெளியே வழியும். அதற்குத் தையல் போட வேண்டிவரும். மைக்ரோவேவில் சூடாக்கினால் மேலே இதமாகவும் நடுவே கொதிப்பாகவும் இருக்கும், அதனால் அந்தப் பழக்கமே வேண்டாம். கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துக் கலக்கினால் போதும்.

அளவு, ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 80 கிராம் குஞ்சுக்கு 8 மில்லி. சிரிஞ்சைக் குஞ்சின் இடப்பக்க அலகோரத்தில் வைத்து, வலப்பக்கம் பின்னோக்கிச் செலுத்து. உணவுக்குழாய் அந்தப் பக்கம் இறங்குகிறது. தலையாட்டுவதை நிறுத்திவிட்டால் நீயும் நிறுத்திவிடு. ஆடாத வாயில் தள்ளினால் மூச்சுக்குழலில் போகும். உடனே திணறிச் சாகலாம், அல்லது இரண்டு நாளில் நுரையீரலில் சளி கட்டும். நிறைந்த இரைப்பை காற்று கொஞ்சம் இறங்கிய பலூன் மாதிரி நெகிழ்ந்து இருக்க வேண்டும், விறைத்துவிடக் கூடாது.

அடுத்த வேளைக்கு முன் இரைப்பை ஏறக்குறைய காலியாகியிருக்க வேண்டும். இரவு ஒருமுறையாவது முழுதும் காலியாக வேண்டும். காலையில் தொட்டுப் பார்க்கும்போது பழையது தங்கியிருந்தால் அதன்மேல் ஊட்டாதே. குஞ்சு இருக்கும் இடம் குளிர்ந்துவிட்டதா, மாவு கெட்டியாகிப் போனதா, ஆறிப்போனதைக் கொடுத்தாளா என்று பார். இடத்தைச் சூடாக்கி, இரண்டு மூன்று மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும் கொடுத்துப் பொறு. பிசைந்துவிடாதே, மேலே ஏறி மூச்சுக்குழலில் போய்விடும். அரைநாளில் இறங்காவிட்டாலோ, வாயில் புளித்த வாடை அடித்தாலோ, நாக்கடியில் வெள்ளை வெள்ளையாகத் தயிர் படிந்த மாதிரி தெரிந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். அந்த வெள்ளைப் படிவு கேண்டிடா என்ற காளான் நோய். அதற்கு மருந்து உண்டு, நாள் கடத்தாமல் இருந்தால் போதும்.

மூன்று குஞ்சுக்கும் மூன்று சிரிஞ்ச் வைத்துக்கொள்ளச் சொல். சன் கனூர் வேறு தாய் தகப்பனின் குஞ்சு, வேறு கூண்டிலிருந்து வந்தது. அதை 45 நாளாவது வேறு அறையில் வைத்து, காக்டெயிலுக்கு ஊட்டி முடித்த பிறகு அதற்கு ஊட்ட வேண்டும், கை கழுவிக்கொண்டு.

உன் இரண்டாவது கேள்வி, கடைக்காரர் கொடுத்த அந்த மஞ்சள் கேப்சூல். தண்ணீரில் கலந்து வைக்கச் சொன்னார் என்றாயே, வைக்காதே. நோயுற்ற பறவை தண்ணீரே குறைவாகத்தான் குடிக்கும், எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. நோயில்லாத குஞ்சுக்குக் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல பாக்டீரியா அழிந்து, முன்னே சொன்ன காளானுக்கு இடம் விடும். அந்தக் கேப்சூல் டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி வகையாக இருந்தால், அதோடு கால்சியம் சேரும்போது மருந்து உடம்பில் சரியாக ஏறாது. டாக்டரே அதைக் கொடுக்கச் சொன்னால்கூட, அந்த நாட்களில் கால்சியத்துக்காக மாட்டும் கணவாய் மீன் ஓட்டைக் கூண்டிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

இனி எடை. 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு வாங்கு. தினமும் காலையில், எச்சமிட்ட பிறகு, முதல் வேளை ஊட்டும் முன் நிறுத்து நோட்டில் எழுதட்டும். கிளி இனம் நோயை ஒளித்து வைக்கும். காட்டில் சோர்வாகத் தெரிந்த பறவையைத்தான் வல்லூறு முதலில் தூக்கும். கண்ணுக்கு நோய் தெரியும்போது பாதி உயிர் போயிருக்கும், தராசு அதற்கு முன்னாலேயே சொல்லிவிடும். பறக்கப் பழகும் வயது வரை எடை ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒரு நாள் நின்றாலே காரணம் தேட வேண்டும். பறக்கப் பழகும்போது பத்து சதவீதம் வரை தானாகக் குறைவது இயல்பு, அப்போது குஞ்சு சுறுசுறுப்பாக இருக்கும். தானே தின்னத் தொடங்கிய பிறகு பத்து சதவீதம் இறங்கினால் அன்றே டாக்டர். மார்பெலும்பையும் விரலால் தடவிப் பார். இருபுறமும் சதை இல்லாமல் கத்தி முனையாகத் தட்டுப்பட்டால் பல நாளாகவே மெலிந்து வருகிறது.

எச்சத்தைப் பார்க்க, கூண்டின் அடியில் அச்சில்லாத வெள்ளைத்தாள் விரி. நல்ல எச்சத்தில் மூன்று பகுதி தெரியும்: கெட்டியான மலம், சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, கொஞ்சம் தெளிந்த நீர். மாவு குடிக்கும் குஞ்சுக்கு மலம் பழுப்பாக இருக்கும். கொய்யாவோ பப்பாளியோ தின்ற அன்று நீர் கூடுதலாக இருக்கும், பயமில்லை. அந்த வெள்ளைப் பகுதி எலுமிச்சைப் பச்சையாக அல்லது மஞ்சளாக மாறினால் ஈரல் கெடுகிறது என்று பொருள். முழுத் தானியம் செரிக்காமல் வந்தாலும், ரத்தமோ தார்க் கறுப்போ தெரிந்தாலும் தாளை மடித்து டாக்டரிடமே கொண்டு போ. மூச்சுவிடும்போது வால் ஏறி இறங்குவது, மூக்குத் துளையைச் சுற்றி இறகு நனைந்து ஒட்டுவது, குரல் மாறுவது, இதெல்லாம் மறுநாள் வரை காத்திருக்கிற விஷயமில்லை.

உன் வீட்டில் எனக்கு அதிகக் கவலை தருவது வலைச் சாமான். வலையில் கோக்கிற ஈயக்குண்டு ஒன்று கிளியின் அலகில் அகப்பட்டால் சுரண்டித் தின்றுவிடும். கால் தளரும், தின்றதைக் கக்கும், பிறகு வலிப்பு வரும். பறவையைத் திறந்துவிடும் அறையில் ஒரு குண்டுகூடக் கிடக்கக் கூடாது, திண்ணையில் வலை பொத்துகிற இடத்துக்கும் அதை விடாதே. வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பெயின்ட்டைக் கூண்டுக்கு அடிக்காதே. கூண்டு கம்பியே இன்னொரு ஆபத்து. துத்தநாகம் பூசிய புதுக் கம்பி நம் உப்புக்காற்றில் சீக்கிரமே வெள்ளைப் பொடியாகப் பூக்கும். கிளி கம்பியைக் கவ்வி ஏறுகிற இனம், அந்தப் பொடி முழுதும் வயிற்றுக்குப் போகும். புதுக்கூண்டை வினிகர் விட்டு பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். பொடி திரும்பப் பூத்தால் திரும்பத் தேய்க்க வேண்டும். முடிந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே வாங்கு, நம் கரையில் அதுதான் நிலைக்கும்.

புகையும் அப்படித்தான். கருவேல விறகு அடுப்பு, கரி மூட்டம், கொசுவர்த்தி எதுவும் குஞ்சு இருக்கும் அறையை எட்டக் கூடாது. நான்ஸ்டிக் சட்டி அடுப்பில் காய்ந்து போனால் வரும் ஆவி சில நிமிடத்தில் பறவையைக் கொன்றுவிடும். அதில் வாடையும் பெரிதாக இராது. தங்கச்சியிடம் இரும்புக் கல்லிலேயே தோசை சுடச் சொல்.

மழைக்காலத்தில் தானியத்தில் பூஞ்சை பிடிப்பதை ஆரம்பத்தில் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. தினை, கம்பு, சூரியகாந்தி எதுவானாலும் இரண்டு வாரத்துக்கு மேல் வாங்காதே. வெயிலில் காயவைத்து இறுக மூடி வை. பூஞ்சை வாடை அடித்தால் கொட்டிவிடு. வேர்க்கடலையை இந்தப் பருவத்தில் அறவே ஒதுக்கு, அதில் பிடிக்கும் பூஞ்சையின் நஞ்சு ஈரலைத் தின்னும். சூரியகாந்தியைக் கிளி ஆசையாகத் தின்னும், ஆனால் அதில் கொழுப்பு மிக அதிகம். முருங்கைக்கீரை, கேரட், பரங்கிக்காய் இவற்றைச் சின்ன வயதிலேயே பழக்கினால் வைட்டமின் ஏ குறையாது. அது குறைந்த பறவைக்குத்தான் மூக்கிலும் வாயிலும் நோய் ஏறும். நறுக்கி வைத்ததை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். அப்பளம், மிக்சர், காப்பி, சாக்லேட், வெண்ணெய்ப்பழம் (அவகாடோ) வேண்டாம்.

கால்சியத்துக்கு நம்மைப் போல வாய்ப்புள்ளவர்கள் யாருமில்லை. மதுரையில் காசு கொடுத்து வாங்கும் கணவாய் ஓடு மண்டபம் கரையில் சும்மா ஒதுங்கிக் கிடக்கிறது. ஆனால் எடுத்ததும் அப்படியே மாட்டிவிடாதே. நல்ல தண்ணீரில் நாலைந்து நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி உப்பை இறக்கி, இரண்டு நாள் கடும் வெயிலில் காயவை. மெத்தென்ற பக்கம் பறவையைப் பார்த்திருக்கட்டும். காலையில் கால் மணி நேர இளவெயிலும் வேண்டும், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்தால் பலனில்லை. கூண்டின் பாதி நிழலில் இருக்கட்டும். கேழ்வரகுக் கூழும் குழந்தைக்கான சத்துமாவும் மட்டும் குடித்து வளர்ந்த குஞ்சுக்கு எலும்பு வளைந்து, கால் இருபுறமும் விரிந்து போகும். வழுக்குகிற தரையில் விட்டாலும் கால் விரியும், அதனால் அடியில் சொரசொரப்பான துணி போடு.

புறாக்கூண்டும் கோழியும் உன் முற்றத்தில் உண்டு. புறாவிடமிருந்து தொண்டையில் மஞ்சள் கட்டி கட்டும் நோயும், கோழியிடமிருந்து வெள்ளைக்கழிச்சலும் கிளிக்குத் தொற்றும். குடிதண்ணீர்ச் சட்டி தனி, தீனி தனி, செருப்பும் தனியாக இருந்தால் நல்லது.

மருந்தே இல்லாத நோய் இரண்டு உண்டு. ஒன்று அலகு இறகு நோய். புது இறகு முறுக்கி, இடுப்பில் நெரித்தது மாதிரி முளைத்து உதிரும். இன்னொன்று பாலியோமா, நன்றாயிருந்த குஞ்சு வயிறு உப்பி, தோலடியில் ரத்தம் கட்டி ஒரே நாளில் போய்விடும். இரண்டுமே வைரஸ். வாங்கும் முன் ரத்தத்திலோ இறகிலோ பரிசோதனை செய்து சான்று தரும் வளர்ப்பாளரிடம் வாங்குவதுதான் காப்பு. சன் கனூருக்கு இனியாவது அந்தப் பரிசோதனையைச் செய்துவிடு.

சிட்டகோசிஸ் என்ற கிளி நோய் மனிதருக்கும் வருகிறது. காய்ந்த எச்சத்தின் தூசியில் பரவும். காக்டெயில் வெளியே ஒன்றும் காட்டாமல் அதைச் சுமக்கக்கூடியது. தாளை மாற்றும் முன் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு எடுக்கச் சொல், வாய்மூடி போட்டுக்கொள்ளட்டும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் வந்தால் டாக்டரிடம் கிளி வளர்ப்பதை முதலில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாது. பறவைக்கு அந்த நோய் உறுதியானால் வழக்கமான சிகிச்சை டாக்சிசைக்ளின் 45 நாள். நடுவில் தெளிந்துவிட்டதென்று நிறுத்தக் கூடாது.

அவசரத்துக்கு ஒரு பெட்டி தயாராக வை. பிளாஸ்டிக் தொட்டி, அடியில் துண்டு, ஒரு பக்கம் மட்டும் 30 டிகிரி இருக்கும்படி குண்டு பல்பு வெளியே. மறுபக்கம் குளிர்ச்சியாக இருந்தால் பறவை தானே இடம் மாறிக்கொள்ளும். புயல் நேரத்தில் கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வை. உடம்பு சூடாகும் முன் வாயில் எதையும் ஊற்றாதே. சித்திரை வைகாசியில் இதற்கு நேர்மாறாக, வாயைத் திறந்து மூச்சுவாங்கி இறக்கையை விரித்தபடி நின்றால் வெப்பம் தாக்குகிறது. காற்றோட்டமுள்ள நிழலுக்கு மாற்று. டாக்டர் என்றால், பக்கத்து கால்நடை மருத்துவமனையில் பறவை பார்த்த பழக்கமுள்ளவர் யார் என்று இப்போதே விசாரித்து வை. பெரிய பரிசோதனைக்குத் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பையன் பனைப்பொந்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சு எடுத்துத் தருவதாகச் சொன்னானாமே, வாங்காதே. நம் நாட்டுக் கிளி எதையும் வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பொந்தில் தாய் ஊட்டுவதற்கு எந்தச் சிரிஞ்சும் ஈடாகாது. காற்றில் விழுந்த குஞ்சு கிடைத்தால் வனத்துறையிடம் கொடுத்துவிடு. சன் கனூரைப் பற்றியும் ஒன்று: 2024 விதிப்படி அதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிய வேண்டும். காக்டெயிலுக்கு அது தேவையில்லை. வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

ஜெனியிடம் சொல்லி, முதல் வாரத்து எடைக் கணக்கையும் காலை எச்சத்தின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். கார்த்திகையில் ராமேஸ்வரம் வரும் வேலை இருக்கிறது. அப்போது தங்கச்சிமடத்தில் இறங்கி மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

அன்புடன்,
கமால்