வடகடல் கரையில் விட்டுச்சென்ற சிற்பப் பீடங்களை அகற்றித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
கரைவலை இழுக்கும் 31 குடும்பங்கள் சார்பாக,
கருவாட்டுப் பெண்கள் குழுச் செயலாளர்,
வடகடல் கரை, பாம்பன் தீவு.

பெறுநர்:
உயர்திரு கோட்டாட்சியர் அவர்கள்.

பொருள்: தற்காலிகச் சிற்பக் கண்காட்சி முடிந்த பிறகும் நாங்கள் கரைவலை இழுக்கும் இடத்தில் கிடக்கும் 9 சிமெண்ட் பீடங்களையும் கம்பிகளையும் எடுத்துத் தர வேண்டுதல் – நான்காவது மனு.

பார்வை: எங்கள் மனுக்கள் – மார்ச் 10, ஏப்ரல் 21, ஜூன் 9.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கரை உங்களுக்குப் புதிது இல்லை. ஜனவரியில் தொடக்க விழாவுக்கு வந்தபோது குருசடிக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு மணலில் நடந்தே வந்தீர்கள். வலைக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து இளநீர் குடித்தீர்கள். அந்தக் கொட்டகைக்கு நேர் எதிரே, கடலில் வளைத்துப் போட்ட கரைவலையை இரண்டு பக்கமும் கயிறு பிடித்துக் கரைக்கு இழுக்கிறோமே, அந்த இடத்தைப் பற்றித்தான் இந்த மனு.

1. கண்காட்சிக்கு நாங்கள் எதிரி இல்லை. தீவில் 12 சிற்பங்கள் வைத்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு, பஸ் நிறுத்தத்தில் ஒன்று, மற்ற 9-ம் எங்கள் கரையில். செய்ய வந்த பிள்ளைகள் தங்கமானவர்கள். கிழிந்த வலையையும் மிதவையையும் வைத்து ஒரு பிள்ளை பெரிய பாரை மீன் செய்தாள். அதற்கு வலை முடிந்து கொடுத்தது எங்கள் வீட்டுப் பெண்கள்தான். ஒரு மாதம் ஊரே திருவிழாவாக இருந்தது, டீக்கடைக்காரருக்கும் நாலு காசு கிடைத்தது. அதையெல்லாம் மறுக்கவில்லை.

2. பிப்ரவரியில் லாரி வந்து சிற்பங்களை ஏற்றிக்கொண்டு போனது. பீடங்களை விட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு மூன்றடி சிமெண்ட் கட்டை. அதன் தலையில் 16 எம்.எம். கம்பி நாலு, முழங்கை உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. "30 நாள் தற்காலிகக் கண்காட்சி, முடிந்ததும் இடம் பழையபடி ஒப்படைக்கப்படும்" என்று ஊர்க் கூட்டத்தில் காகிதத்தைப் பார்த்து வாசித்தார்கள். முப்பது பேர் கேட்டோம்.

3. ஐயா, இந்த மனுவில் வேறு எதையும் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள்.

ஜனவரியில் பார்த்தவர்களுக்கு எங்கள் கரை சும்மா கிடக்கிற மாதிரிதான் தெரிந்திருக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிப்பாக இருக்கும், அங்கே வலை வளைக்க முடியாது. அப்போது தென்கடலுக்குப் போய்விடுவோம். சித்திரை பிறந்து கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் தென்கடல் முரண்டு பிடிக்கும், வடகடல் குளம் போல ஆகிவிடும். உடனே வலையைத் தூக்கிக்கொண்டு இங்கே வருவோம். எங்கள் தாத்தா காலத்திலிருந்து இதுதான் வழக்கம். இடம் தேடி வந்தவர்கள் கொட்டகையில் இருந்த ஒரு கிழவரைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்.

சித்திரை என்றால் இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். அந்த 61 நாளும் நாட்டுப்படகும் கரைவலையும்தான் மீன் தர வேண்டும். வருடத்தில் எங்கள் சாளைக்கும் காரலுக்கும் ஒரு விலை கிடைப்பது அப்போதுதான். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, வட்டி எல்லாம் அந்த விலையை நம்பித்தான்.

இந்த வருடம் நடந்ததைச் சொல்கிறேன். 9 பீடங்களில் மூன்றைத் தண்ணீர் விளிம்பில் வைத்திருந்தார்கள், போட்டோவில் பின்னால் கடல் தெரிய வேண்டுமாம். வாடைக்கடல் மண்ணை அரித்ததில் அந்த மூன்றும் சரிந்து இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டன. மற்ற ஆறையும் மணல் மூடிவிட்டது. மே முதல் வாரம் ஒரு நாள், விடியற்காலையில் வலை வளைத்தோம். மேற்குக் கையில் 15 பேர், கிழக்குக் கையில் 15 பேர், மூன்று மணி நேர இழுப்பு. நல்ல சாளைக் கூட்டம். மீன் சேருகிற வலைப்பையான மடி கரைக்கு வரப் பத்துப் பாகம்தான், பத்து ஆள் கைவிரிப்பு நீளம்தான் இருந்தது. கிழக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மண் கட்டியிருக்கும் என்று நினைத்து எல்லோரும் குதிகாலை ஊன்றி ஒரு இழு இழுத்தோம். கயிறு லேசாகிவிட்டது. அந்த லேசு என்ன என்று வலைக்காரருக்குத் தெரியும். மடி கம்பியில் மாட்டி இரண்டு ஆள் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கிழிசல் வழியாகச் சாளை வெள்ளையாய்ப் பளபளத்துக்கொண்டு வெளியே போவதை முப்பது பேரும் நின்று பார்த்தோம். ஒருவரும் பேசவில்லை.

வலையை விடுவிக்க ஓடின அக்கா ஒருவர் மணலுக்குள் இருந்த இன்னொரு கம்பியை மிதித்துவிட்டார். உள்ளங்காலில் குத்தி மேலே வந்துவிட்டது. ஆறு தையல், ஊசி, ஒன்றரை மாதம் வீட்டில். கரைவலையில் இழுத்தால்தான் பங்கு. இழுக்காதவருக்குப் பங்கு கிடையாது. அவர் புருஷன் இல்லாதவர்.

புது மடிக்கு 40,000 ரூபாய். வியாபாரியிடம்தான் முன்பணம் வாங்கினோம். முன்பணம் வாங்கினால் மீனை அவருக்குத்தான் போட வேண்டும், விலையையும் அவர்தான் சொல்வார். ஆக, விலை கிடைக்கிற ஒரே காலத்திலும் விலை எங்கள் கையில் இல்லை. சிமெண்ட் கட்டையால் இவ்வளவா என்று கேட்பீர்கள். இவ்வளவுதான் ஐயா, இந்தக் கட்டையால்தான்.

4. மனுக்கள் என்ன ஆயின என்பதையும் சொல்ல வேண்டும். முதல் மனுவுக்கு ரசீது கிடைத்தது. இரண்டாவதற்கு "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று போனில் ஒரு செய்தி. எந்தத் துறை என்று அதில் இல்லை. மூன்றாவதற்கு ஒருவர் பைக்கில் வந்தார். நண்பகல் வெயில், ரோட்டிலிருந்தே ஒரு போட்டோ எடுத்தார். பத்து நாள் கழித்து, "நேரில் ஆய்வு செய்யப்பட்டது, இடையூறு எதுவும் காணப்படவில்லை, மனு முடித்து வைக்கப்படுகிறது."

காணப்படாது ஐயா! மணல் மூடிக் கிடக்கிறது, தண்ணீர் மூடிக் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தால் நாங்களே விலகிப் போக மாட்டோமா? தெரியாமல் கிடப்பதுதானே எங்கள் தொல்லை? இப்போது கம்பி இருக்கிற இடமெல்லாம் பனைமட்டை நட்டு, என் பழைய பச்சைச் சேலையைக் கிழித்துக் கட்டியிருக்கிறோம். காற்று வாரம் ஒன்றைப் பறித்துக்கொண்டு போகிறது. போன வாரம் சின்னப் பையன்கள் அதைக் கோல்போஸ்ட் ஆக்கிப் பந்து விளையாடினார்கள். அடித்து விரட்டினேன்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். நாலு வருடம் முன்னால் கொட்டகைப் பக்கத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்ட அடித்தளம் தோண்டினோம். சி.ஆர்.இசட். என்கிற கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது, கடற்கரையில் சிமெண்ட் வைக்கக் கூடாது என்று நிறுத்தினார்கள். சரி என்று மண்ணை மூடினோம். இப்போது அதே கரையில், அலை வந்து தொடுகிற இடத்தில், 9 சிமெண்ட் கட்டை. சட்டம் எங்களுக்கு மட்டும்தானா?

5. அந்தப் பாரை மீன் செய்த பிள்ளை ஒரு சங்கதி சொன்னாள். ஜப்பானில் நவோஷிமா என்று ஒரு சின்னத் தீவு. படகுத்துறை நுனியில் யாயோய் குசாமா என்ற அம்மா செய்த பெரிய மஞ்சள் பூசணிக்காய் நிற்கிறதாம். புயல் வருகிறது என்றால் அதைக் கழற்றி எடுத்துப் பத்திரப்படுத்துவார்களாம். 2021 ஆகஸ்டில் காற்று முந்திக்கொண்டு கடலில் தள்ளிவிட்டது, அடுத்த வருடம் புதிதாகச் செய்து வைத்தார்கள். அந்தப் பக்கத்துத் தீவுகளில் 2010-லிருந்து மூன்று வருடத்துக்கு ஒரு முறை கலைத் திருவிழா நடக்கிறதாம். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது ஒரு வார்த்தைதான்: கழற்றி. நம் கரையில் வைத்ததைக் கழற்றவே முடியாது. மணல் மூட்டையில் நிறுத்தியிருக்கலாம், பனங்கட்டையில் நிறுத்தியிருக்கலாம். அடுத்த பொங்கலுக்கும் கண்காட்சி வரும் என்கிறார்கள். வரட்டும். ஆனால் எங்களைக் கேட்டுவிட்டு இடம் குறிக்கட்டும்.

6. எடுத்துவிடுங்கள் ஐயா. ஒரு ஜே.சி.பி., ஒரு நாள், அவ்வளவுதான் வேலை. தண்ணீருக்குள் இருக்கிற மூன்றுக்கும் கயிறு கட்டிக் கொடுக்க எங்கள் ஆட்கள் முங்குவார்கள், கூலி வேண்டாம். புரட்டாசிக்குள் எடுத்தால்தான் உண்டு. ஐப்பசியில் வாடை தொடங்கிவிட்டால் அந்த இடத்தில் ஒருவரும் கால் வைக்க முடியாது, கட்டைகள் இன்னும் உள்ளே போய்விடும். அப்புறம் அடுத்த சித்திரைக்கும் இதே கம்பி, இதே மனு.

பைக்கில் வேறொருவரை அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்களே ஒரு தடவை வாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு, வலை இழுக்கிற நேரத்தில். செருப்பைக் கழற்ற வேண்டாம்.

பீடங்களை அகற்றித் தரும்படி மறுபடியும் பணிவுடன் வேண்டுகிறோம். முந்தைய மனுக்களின் ரசீது நகல்களையும், கிழிந்த மடியில் வெட்டிய ஒரு முழத் துண்டையும் இத்துடன் வைத்திருக்கிறோம். துண்டில் இருக்கும் துரு அந்தக் கம்பியுடையது.

இப்படிக்கு,
31 குடும்பங்களின் கையெழுத்தும் கைநாட்டும் பின்பக்கத்தில்.
வடகடல் கரை,
ஜூலை 14.