சரோவுக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள சரோ,

இங்கே எல்லாரும் நலம். பேத்திக்குக் காது குத்திய படம் பார்த்தேன். அழுகிற முகம் அப்படியே நீதான், குதிரை டீச்சரிடம் மாட்டிக்கொண்ட அன்றைக்கு இருந்த மாதிரி. முழங்காலுக்கு எண்ணெய் தடவுவதை விட்டுவிடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லி முடியாது, அதனால்தான் கடிதம். போன வாரம், பிப்ரவரி 20ஆம் தேதி, நம் தோட்டத்து மண்டபத்தில் உலகச் சமூக நீதி நாள் நடத்தினோம். "இன்னும் எத்தனை நாள்தான்டி கொண்டாடுவீங்க? மாலை, பொன்னாடை, மீ கோரெங், ஒரு படம், அப்புறம் வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்று பொங்கலன்று கேட்டாயே, அதற்கு இப்போது பதில் சொல்கிறேன்.

இந்த முறை மேடையே போடவில்லை. அதற்கே ராணிக்கும் கோயில் தலைவருக்கும் இரண்டு கூட்டம் சண்டை. மேடை இல்லாவிட்டால் தொகுதியின் மக்கள் பிரதிநிதி, நம்ம ஒய்பி, எங்கே உட்காருவார் என்று தலைவர் கேட்டார். "ஜனங்களோட உட்காரட்டும்" என்று ராணி முடித்துவிட்டாள். மேடைக்குப் பதில் மேசைகள் போட்டோம். பிறப்புப் பத்திரத்துக்கு ஒன்று, குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டை (ஐசி) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று, தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவுக்கு ஒன்று. ஐ.நா. சபை 2007 நவம்பரில் அறிவித்து, 2009 முதல் உலகம் முழுக்க அனுசரிக்கிற நாள் என்று மலாயில் கடிதம் எழுதிப் பெரிய ஆபீஸ்களுக்கெல்லாம் கொடுத்தோம். ஆள் அனுப்பினார்கள், சரோ! சும்மா கூப்பிட்டால் வருவார்களா? நம் ஜனத்துக்கு ஆபீஸ் படியேறக் கூச்சம், அதிகாரிக்குத் தோட்டத்துக்குள் வர நேரமில்லை. நாள் என்று ஒன்று இருந்ததால்தான் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

நாகம்மா அக்கா மைலோ டின்னோடு வந்தார். உள்ளே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய துண்டுச் சீட்டுகள், எல்லாம் தோட்டத்து மருந்தகத்தில் இருந்த பழைய டிரெஸ்ஸர் எழுதிக் கொடுத்தவை. மையெல்லாம் மங்கிவிட்டது. ஒவ்வொன்றாக மேசையில் பரப்பிவிட்டு அக்கா பேச ஆரம்பித்தார். மருந்து அடிக்கிற வேலையில் கெரமக்சோன் என்கிற களைக்கொல்லியை வாளியில் கலக்குவதும் அவர்தான், பம்பை முதுகில் தூக்குவதும் அவர்தான். மூடி சரியாக இறுகாது, பச்சையும் நீலமுமாக முதுகு வழியே ஒழுகி ஜாக்கெட் ஒட்டிக்கொள்ளுமாம். மூக்கில் ரத்தம் வரும். கை நகம் கழன்று விழுந்ததை வேலை மேற்பார்க்கிற மண்டோரிடம் காட்டினால், தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வாராம். பக்கத்து லயத்தில் இத்தனை காலம் இருந்தும் இது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?

கெரமக்சோனில் இருக்கிற நஞ்சு பாராகுவாட். அதை 2002இல் மலேசியாவில் தடை செய்வதாகச் சொன்னார்கள். 2006இல் தளர்த்திவிட்டார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி. நடுவில் போன வருஷங்களில் எத்தனை முதுகு, எத்தனை நகம்! அந்தத் தடையும் சும்மா வரவில்லை. ஐரின் பெர்னாண்டஸும் அவருடைய தெனாகானித்தா உரிமை அமைப்புப் பெண்களும் தோட்டத்துப் பெண்களைப் பேச வைத்தார்கள், அவர்கள் சொன்னதை எழுதி வெளியே கொண்டுபோனார்கள். டிசம்பர் 3ஆம் தேதியைப் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு நாளாக வைத்திருப்பது 1984இல் போபால் பூச்சிமருந்து ஆலையின் விஷவாயுவில் செத்தவர்களுக்காக. இந்த வருஷம் அதையும் இங்கே நடத்தப்போகிறோம்.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. இப்போது மருந்து அடிப்பவர்கள் வங்காளதேசத்துப் பையன்களும் இந்தோனேசியர்களும். மருந்து வேறு, பம்பு அதேதான். அவர்களையும் கூப்பிடுவோம் என்றேன். கமிட்டியில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். நம்ம பிரச்சினையே தீரவில்லை, அவங்க எதுக்கு என்று ஒருவர் கத்தினார். அவருடைய தாத்தா எங்கிருந்து, எந்தக் கடனோடு வந்தார் என்று அவருக்கே தெரியும். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கடைசியில் நாகம்மா அக்காதான் சொன்னார்: "பம்பு யார் முதுகுல இருந்தாலும் ஒழுகத்தானே செய்யும்." அப்புறம் யாரும் பேசவில்லை. மலாயில் ஒரு அழைப்பும் வங்காளியில் ஒரு அழைப்பும் போடுவதாக முடிவாகிவிட்டது.

மே தினத்தையே எடுத்துக்கொள். இப்போது அது வெறும் விடுமுறை. என் பேரன் ஈப்போவில் பேரங்காடிக்குப் போகிற நாள் என்றுதான் நினைத்திருக்கிறான். அகில மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த கணபதியை 1949 மே 4ஆம் தேதி, மே தினம் முடிந்த கையோடு, புடு சிறையில் தூக்கிலிட்டார்கள் என்று அவனிடம் சொன்னேன். சாப்பாட்டை நிறுத்திவிட்டு, "நம்ம ஆளா பாட்டி?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். பள்ளிக்கூடத்தில் இதைப் பேச ஒரு நாளாவது வேண்டாமா? தேதி இருந்தால்தானே ஒரு பிள்ளையாவது ஏன் என்று கேட்கும்?

சரி, உன்னிடம் கேட்க வந்தது இதுதான். ஏப்ரல் 28 வேலையிடப் பாதுகாப்புக்கான உலக நாள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2003 முதல் நடத்துகிறது. வேலையில் செத்தவர்களை, உடம்பு கெட்டவர்களை நினைக்கிற நாளாகச் சங்கங்கள் அதற்கும் முன்பே வைத்திருந்தன. அன்றைக்கு சொக்சோ மேசையில் நீ உட்கார வேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேலையால் வரும் நோய்க்கும் இடம் இருக்கிறது. நாகம்மா அக்காவின் சீட்டுகளை எந்த வரிசையில் வைப்பது, எந்தப் பாரத்தில் தொடங்குவது, டாக்டரிடம் என்ன எழுதி வாங்குவது என்று உன்னைவிடத் தெரிந்தவர் யார்? இத்தனை வருஷம் அந்தக் கவுண்டரில் இருந்தவள் நீ. அக்காவைப் போல் இன்னும் சிலர் டின்னைத் திறக்கத் தயாராக இருக்கிறார்கள். அந்தப் பையன்களும் வருவார்கள்.

சித்திரைப் புத்தாண்டு முடிந்து கிளம்பினால் போதும். ஈப்போவில் இறங்கு, மகன் காரோடு நிற்பான். மேல் அறை காலியாகத்தான் இருக்கிறது. முழங்காலுக்காகக் கீழேயே கட்டில் போடச் சொன்னாலும் சரி. பழைய பாரங்களின் மாதிரி ஏதாவது வைத்திருந்தால் எடுத்து வா. எந்தத் தேதியில் வருகிறாய் என்பதை மட்டும் ராணிக்குச் செய்தி போடு, அவள்தான் பெயர்ப் பட்டியல் எழுதுகிறாள்.

உன்,
கமலா