முதலில் அந்த முகவரி வரியைப் பார்

அன்பு நண்பா,

உன் மெயில் வந்தது. அதில் இருந்த சேதிகளைவிட நீ மெயில் அனுப்பினாய் என்பதே எனக்குப் பெரிய சேதி. "அதெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று இத்தனை காலம் நழுவிக்கொண்டிருந்தவன் சொந்தமாக லேப்டாப், சொந்தமாகக் கனெக்ஷன் என்று இறங்கிவிட்டாய், நல்லது. மூட்டு வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். எனக்குக் கண்புரை எடுத்தாயிற்று, சின்ன எழுத்தெல்லாம் இப்போது பளிச்சென்று தெரிகிறது, அந்த உற்சாகத்தில் நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்.

கேள்வி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய். கூகுள்தான் இன்டர்நெட்டா, குரோம் என்பது என்ன, வைஃபை முழுசாகக் காட்டியும் பக்கம் ஏன் திறப்பதில்லை, ஓரத்தில் வந்து வந்து போகும் வைரஸ் எச்சரிக்கை நிஜமா. ஒவ்வொன்றாக வருகிறேன், ஆனால் வரிசை என்னுடையது.

வைஃபையை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். திரை மூலையில் தெரியும் அந்த வளைந்த கோடுகள் உன் லேப்டாப்புக்கும் வீட்டிலுள்ள ரூட்டர் பெட்டிக்கும் நடுவே தொடர்பு எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். ரூட்டரைத் தாண்டி வெளியே போகிற கேபிள் அறுந்து கிடந்தாலும் கோடுகள் பாட்டுக்கு முழுசாக நிற்கும். அதனால் ஒரு பக்கம் திறக்கவில்லை என்றால் உடனே வேறொரு தளத்தைத் திறந்து பார். அது திறந்தால் கோளாறு பெரும்பாலும் அந்த முதல் தளத்தில், நீ சும்மா இருக்கலாம். எதுவுமே திறக்கவில்லை, கைப்பேசியும் அதே வைஃபையில் தவிக்கிறது என்றால் ரூட்டரை அணைத்து அரை நிமிடம் விட்டு மறுபடி போடு. அதற்குள்ளே இருப்பதும் ஒரு குட்டிக் கணினிதான், நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருந்தால் எப்போதாவது சிக்கிக்கொள்ளும். அப்படியும் வரவில்லையா, கனெக்ஷன் கொடுத்தவர்களைக் கூப்பிட வேண்டியதுதான். அப்புறம், உன் வைஃபை பெயர் பட்டியலில் இரண்டு தடவை வருகிறது, ஒன்றின் வாலில் 5ஜி என்று இருக்கிறது என்றாயே, அதற்கும் கைப்பேசி 5ஜிக்கும் சம்பந்தம் இல்லை. அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் அதிகம், ஆனால் சுவர் குறுக்கே வந்தால் சோர்ந்துவிடும். இன்னொன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், வேகம் குறைவு, சுவரைத் தாண்டி வரும். உள்ளறையில் படுத்துக்கொண்டு பார்க்கிற ஆள் நீ, உனக்கு இரண்டாவதுதான் சரிப்படும்.

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். கூகுள் இன்டர்நெட் இல்லை. இன்டர்நெட் என்பது உலகம் முழுக்க இருக்கிற கணினி வலைப்பின்னல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்குச் செய்துகொண்ட ஏற்பாடு. கண்டம் விட்டுக் கண்டம் போகிற தகவலில் பெரும்பகுதி வானத்தில் இருக்கும் செயற்கைக்கோள் வழியாகப் போவதாக நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், உண்மையில் அது கடலுக்கு அடியில் கிடக்கும் கண்ணாடி இழைக் கேபிள்கள் வழியாகத்தான் போகிறது. இதன் முன்னோடி ஆர்பாநெட் என்ற அமெரிக்க ஆராய்ச்சி வலைப்பின்னல். 1969 அக்டோபர் 29 அன்று அதில் முதல் செய்தி அனுப்பினார்கள். "லாகின்" என்று அடிக்கப் போய் எல், ஓ என்ற இரண்டு எழுத்து போனதும் எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது. எனவே உன் கனெக்ஷன் முதல் நாளே படுத்தது பற்றி ரொம்ப வருத்தப்படாதே. 1983 ஜனவரி 1 அன்று அந்த வலைப்பின்னல் டிசிபி/ஐபி என்ற விதிமுறைக்கு மாறியது, இன்று உன் வீட்டு ரூட்டர் பேசுவதும் அதையேதான்.

வெப் என்பது இதற்கு மேல் பிற்பாடு வந்தது. ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீ 1989இல் யோசனையை எழுதிக் கொடுத்தார், 1990இல் முதல் பிரவுசரையும் அவரே எழுதினார். பக்கங்கள், ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ லிங்க், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகவரி, அவ்வளவுதான் சமாசாரம். அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது 1993 ஏப்ரல் 30, அன்றைக்குத்தான் செர்ன் இதை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தது. கொடுக்காமல் போயிருந்தால் இன்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தனி வலை இருந்திருக்கும், ஒன்றில் இருப்பவன் மற்றதைப் பார்க்க முடியாது என்று நான் நினைக்கிறேன். ஆக, இன்டர்நெட்டின் மேல் ஓடுவதில் ஒன்று வெப், அவ்வளவே. நீ வாட்ஸ்அப்பில் பேசும்போது இன்டர்நெட் இருக்கிறது, வெப் பக்கம் எதுவும் இல்லை.

குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ் எல்லாம் பிரவுசர்கள், அதாவது பக்கத்தை வாங்கி வந்து காட்டும் நிரல்கள். கூகுள் ஒரு கம்பெனி, அது நடத்தும் தேடல் தளம் எத்தனையோ தளங்களில் ஒன்று, அதே கம்பெனி 2008இல் வெளியிட்ட பிரவுசர் குரோம். பிரவுசரைத் திறந்ததும் நடுவில் கூகுள் பெட்டி வந்து நிற்பதால்தான் இந்தக் குழப்பமே. எது நல்லது என்று கேட்டாய். சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் தவிர மற்றப் பெரிய பிரவுசர்களில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது குரோமுக்கு அடிப்படையான அதே குரோமியம் என்ஜின், அதனால் பெயரைப் பார்த்து ரொம்பக் குழம்பாதே. எதை வைத்திருந்தாலும் அப்டேட் கேட்டால் தள்ளிப்போடாதே. ஓட்டைகளை அடைக்கத்தான் பெரும்பாலும் அது வருகிறது, ஓட்டை எங்கே என்பது அதற்குள் திருடர்களுக்கும் தெரிந்திருக்கும்.

நீ ஒரு முகவரியை அடித்து என்டர் தட்டுகிறாயே, அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். அதனால் முதலில் உன் பிரவுசர் டிஎன்எஸ் என்ற பெயர்ப் பதிவேட்டிடம் "இந்தப் பெயருக்கு எந்த எண்" என்று கேட்கிறது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு இது. எண் கிடைத்ததும் அந்தக் கணினியிடம் பக்கத்தைக் கேட்கிறது. பக்கம் முழுசாக வராது, பொதுவாக 1500 பைட்டுக்கு மிகாத துண்டுகளாக வரும். 3 எம்பி படம் ஒன்று என்றால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள், ஒவ்வொன்றிலும் போய்ச் சேர வேண்டிய எண்ணும் வரிசைக் குறிப்பும் இருக்கும், வெவ்வேறு வழியில் வந்தாலும் வரலாம், வழியில் தொலைந்ததை மட்டும் உன் கணினி திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். முதலில் எழுத்து வரும், அதைப் படித்த பிறகுதான் இதில் இன்னின்ன படம் தேவை என்று பிரவுசருக்கே தெரியவரும், மறுபடி போய்க் கேட்கும். படித்துக்கொண்டிருக்கும்போதே வரிகள் திடீரென்று கீழே குதிக்கின்றன என்று எரிச்சல்பட்டாயே, தாமதமாக வந்த படமோ விளம்பரமோ இடம் பிடிப்பதால் வருகிற வினை அது. பக்கத்தைச் செய்தவர் படத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருந்தால் குதிக்காது. சோம்பேறித்தனம்தான்.

சரி, இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வாய் என்றால் இதை வைத்துக்கொள். மேலே இருக்கும் முகவரி வரியைப் படிக்கப் பழகு. பக்கத்தின் உள்ளே இருக்கும் லோகோ, நிறம், கையெழுத்து எல்லாவற்றையும் யாரும் காப்பி அடிக்கலாம், முகவரியை அப்படிக் காப்பி அடிக்க முடியாது. மாதிரிக்கு ஒரு கற்பனை வங்கி வைத்துக்கொள்வோம், அதன் முகவரி என்வங்கி.காம். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின்னால், அடுத்த ஒற்றைச் சாய்கோடு வரைக்கும் உள்ள பகுதிதான் முக்கியம், அதை வலது கோடியிலிருந்து இடப்பக்கமாகப் படி. உதவி.என்வங்கி.காம் என்றால் வங்கியுடையதுதான், ஏனென்றால் தன் பெயருக்கு இடப்பக்கம் எதைச் சேர்க்கும் உரிமையும் வங்கிக்கு மட்டும்தான் உண்டு. ஆனால் என்வங்கி.காம்.சரிபார்ப்பு.நெட் என்றால்? வலது கோடியில் நெட், அதற்கு முன்னால் சரிபார்ப்பு. ஆகவே இதன் சொந்தக்காரன் சரிபார்ப்பு.நெட் என்ற பெயரை வாங்கிய எவனோ ஒருவன், வங்கியின் பெயர் வெறும் ஒப்பனை. என்வங்கி-உதவி.காம் இன்னும் மோசம், நடுவில் இருப்பது புள்ளி இல்லை, சிறு கோடு. அது முழுக்க வேறு பெயர், யாருக்கும் விற்பார்கள். சில நாட்டு முகவரிகளில் வால் இரண்டு துண்டாக இருக்கும், கோ.யூகே போல, அங்கே அதற்கும் முந்தைய துண்டைப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் இந்த வரி பாதி வெட்டுப்பட்டுத் தெரியும், விரலால் தொட்டால் முழுசாக விரியும். (அந்த இரட்டைச் சாய்கோடு உண்மையில் தேவையே இல்லை என்று பெர்னர்ஸ் லீயே 2009இல் சொன்னார். எத்தனை கோடிப் பேர் எத்தனை தடவை வீணாக அடித்திருப்போம்!)

வங்கிக்குப் போக ஒவ்வொரு முறையும் கூகுளில் அதன் பெயரைத் தேடுகிறாய் என்று நினைக்கிறேன், அதை விட்டுவிடு. தேடல் முடிவில் முதலில் வருவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம், ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். ஒரு தடவை சரியான முகவரியை, பாஸ்புக்கிலோ அட்டையிலோ உள்ளதைப் பார்த்து, நீயே அடித்துத் திற. அப்புறம் முகவரி வரிக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத்தைத் தட்டி புக்மார்க்காகப் போட்டுவிடு. இனி அதிலிருந்து மட்டும் போ.

முகவரி வரியில் பூட்டுக் குறி இருந்தால் பத்திரம் என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாதி உண்மை. நீ அனுப்புவதை வழியில் இருப்பவர்கள் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள், எதிர்முனையில் இருப்பவன் யோக்கியன் என்று இல்லை. திருடனும் தன் வீட்டுக்குப் பூட்டு வாங்கலாம் அல்லவா. 2015 இறுதியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அந்தப் பூட்டுக்குத் தேவையான சான்றிதழை இலவசமாகவே கொடுக்கிறது, நல்ல காரியம், பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்துகொண்டன, போலிகளும் செய்துகொண்டன. பூட்டைப் பார்த்தாலே நம்பகமான தளம் என்று ஜனங்கள் எடுத்துக்கொள்வதால் 2023இல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

பாஸ்வேர்டை பிரவுசரிலேயே சேமிக்கலாமா என்றால், நான் சேமிக்கச் சொல்வேன். டைரியில் எழுதி வைப்பதைவிடச் சௌகரியம் என்பதற்காக மட்டும் இல்லை. சேமித்த பாஸ்வேர்டை பிரவுசர் அந்தச் சரியான முகவரியில் மட்டும்தான் தானாக நிரப்பும். உன் கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது. வழக்கமாக நிரப்புகிற பெட்டி ஒரு நாள் காலியாக நின்றால், அவசரப்பட்டு நீயே அடிக்காதே, முகவரியை மறுபடி படி. லேப்டாப்புக்கு மட்டும் நல்ல பூட்டுச் சொல் வை, இல்லாவிட்டால் அதைத் திறக்கிற எவனுக்கும் எல்லாம் கிடைத்துவிடும்.

குக்கி பற்றி ரொம்ப எழுத வேண்டாம். ஒவ்வொரு முறை பக்கம் கேட்கும்போதும் நீ யார் என்று தளத்துக்கு ஞாபகம் இருக்காது, அதற்காக 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி கண்டுபிடித்த சின்ன எழுத்துத் துணுக்கு அது, உன் பிரவுசரிலேயே தங்கும். லாகின் நிலைப்பது அதனால்தான். பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளம்பரக்காரனும் தன் குக்கியைப் போட்டு நீ தளம் தளமாகப் போவதைப் பின்தொடர்வான், அனுமதி கேட்கும் பெட்டியில் வேண்டாம் என்ற பொத்தான் இருந்தால் கூச்சப்படாமல் தட்டு. பிரைவேட் விண்டோ உன் லேப்டாப்பில் தடம் வைக்காது, அவ்வளவுதான். கனெக்ஷன் கொடுத்தவருக்கும் நீ போன தளத்துக்கும் அது உன்னை மறைக்காது.

கடைசியாக அந்த வைரஸ் பெட்டி. நீ விவரித்ததைப் பார்த்தால் அது வைரஸ் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஏதோ ஒரு தளத்தில் "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா" என்று கேட்டிருக்கும், "அலோ" தட்டினால்தான் வீடியோ ஓடும் என்றுகூடச் சில தளங்கள் புளுகும், தட்டியிருப்பாய். அன்றிலிருந்து அந்தத் தளம் உன் திரை ஓரத்தில் எது வேண்டுமானாலும் எழுதலாம், நீ அதைத் திறந்திருக்க வேண்டியதுகூட இல்லை. பெட்டியை நன்றாக உற்றுப் பார், பொடி எழுத்தில் குரோம் என்றும் ஒரு தளத்தின் முகவரியும் இருக்கும். உள்ளே தட்டாதே, அதில் இருக்கும் போன் நம்பரைக் கூப்பிடவே கூப்பிடாதே. குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போ. அனுமதி பெற்றவர்களின் பட்டியல் வரும். நீ தெரிந்து சேர்த்தது என்று எதுவும் இருக்காது, எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, இனி யாரும் கேட்கவே வேண்டாம் என்பதையும் அங்கேயே தேர்ந்தெடு.

நீக்குவதற்கு முன் அந்தப் பட்டியலில் என்னென்ன பெயர் இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு, நீ எங்கெங்கே சுற்றினாய் என்று தெரிந்துகொள்ளத்தான், வேறெதற்கும் இல்லை. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்